ஐந்து மணிக்கு வந்தவனுக்கு எதற்கு முழுக் கூலி?

கடைத்தெருக்காரன்: "உழைத்த அளவுக்குத்தான் சோறு, அதுதான் வேத நீதி. இலவச அரிசிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதிய 2 தெசலோனிக்கேயர் 3:10 படிக்கட்டும்" என்று கூடாரத்தொழிலாளி நேற்று எழுதியதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மத்தேயு 20-ல் இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமை அவர் கண்ணில் படவே இல்லையா? பதினோராம் மணிக்கு, அதாவது சாயங்காலம் ஐந்துக்கு வந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் தோட்டத்து எஜமான் முழுசாக ஒரு பணம், அதாவது ஒரு முழு நாள் கூலி கொடுக்கிறார். அன்றைக்கு ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் அடுப்பு எரிய அதுதான் வழி.

கூடாரத்தொழிலாளி: பிரதர், அந்த உவமை "பரலோகராஜ்யம்" என்றுதான் ஆரம்பிக்கிறது. அதை ரேஷன் கடைக்கு இழுக்காதீர்கள். பவுலே கூடாரம் செய்துதான் சாப்பிட்டார்.

கடைத்தெருக்காரன்: சரி, அந்த ஐந்து மணி ஆட்கள் அதுவரை கடைத்தெருவில் ஏன் சும்மா நின்றார்கள்? ஏழாம் வசனம்: ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. பதில் சொல்லுங்கள்.

கூடாரத்தொழிலாளி: எஜமான் விடியற்காலையிலேயே ஆள் தேடிப் போனாரே, அப்போது இவர்கள் எங்கே தூங்கினார்கள்?

கடைத்தெருக்காரன்: தூங்கினார்கள் என்று எந்த வசனம் சொல்கிறது? "பகல் முழுவதும்" நின்றதாக எஜமானே சொல்கிறார்.

மாதாகோவில்தெரு: பேசி ஒத்துக்கொண்டதானாலும் சிக்கனமாக வாழ்கிற தொழிலாளிக்குப் போதாத கூலி அநீதி என்று போப் 13-ம் லியோ 1891-லேயே 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் எழுதிவிட்டார். நீங்கள் இன்னும் மணி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்!

கூடாரத்தொழிலாளி: போப் எழுதியது எங்களுக்குச் சட்டமில்லை. முதலில் உங்கள் திருவிழா வாணவேடிக்கைச் செலவைக் குறையுங்கள்.

மாதாகோவில்தெரு: உங்கள் சபையில் வருமானத்தில் பத்திலொன்றாக வாங்கும் தசமபாகத்துக்குக் கணக்கு காட்டுகிறார்களா?

கடைத்தெருக்காரன்: வாணவேடிக்கையை விடுங்கள். பொழுது சாயுமுன் கூலி கொடு என்கிறது உபாகமம் 24:15. உவமையின் எஜமானும் சாயங்காலமே கணக்கைத் தீர்க்கிறார். எங்கள் சபைப் பள்ளியில் கழிவறை கழுவும் அக்காவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. ஆனால் கோபுரத்துக்குப் புது விளக்கு வந்துவிட்டது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்ற யாக்கோபு 5:4-ஐ அந்த விளக்கடியில் நின்று வாசிப்பீர்களா?

கூடாரத்தொழிலாளி: இப்போது புரிகிறது. கமிட்டித் தேர்தலில் தோற்ற கோபம்.

கடைத்தெருக்காரன்: நான் நிற்கவே இல்லை, நின்றது என் அத்தான். ஏழாம் வசனத்துக்குப் பதில் எங்கே?

கூடாரத்தொழிலாளி: நீங்கள் 3:10-க்குச் சொன்னீர்களா?

கடைத்தெருக்காரன்: அது வேலைக்கு மனமில்லாதவனைப் பற்றியது. இவர்கள் வேலைக்காகவே நாளெல்லாம் நின்றவர்கள். ஏழாம் வசனம், ஐயா!

கூடாரத்தொழிலாளி: காலையில் வந்தார்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.