விழும் குண்டு சோதனை: ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு 8.66 வருகிறது, காரணம் காற்றுத் தடையா?

கேள்வி:
19 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு, மின்காந்தத்தில் தொங்குகிறது. சுவிட்சை அணைத்ததும் டைமர் ஓடத் தொடங்கும். குண்டு கீழே தட்டில் பட்டதும் நிற்கும். ஒவ்வொரு உயரத்துக்கும் 5 முறை எடுத்த சராசரி நேரம்:

0.20 மீ – 0.222 வி
0.40 மீ – 0.306 வி
0.60 மீ – 0.370 வி
0.80 மீ – 0.424 வி
1.00 மீ – 0.472 வி

2 × உயரம் ÷ நேரம்² என்று ஒவ்வொன்றுக்கும் போட்டு சராசரி எடுத்தால் 8.66 மீ/வி². 9.8 அளவில் வர வேண்டியது குறைந்ததற்குக் காரணம் காற்றுத் தடை என்று ரெக்கார்டு நோட்டில் எழுதலாமா?

பதில் 1:
வேண்டாம். சராசரிக்கு முன் ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள்: 8.12, 8.54, 8.77, 8.90, 8.98. உயரம் கூடக்கூட ஜி ஏறுகிறது. காற்றுத் தடை என்றால் இறங்கியிருக்க வேண்டும். 1 மீ விழுந்து முடியும்போதுகூட இந்தக் குண்டின் மேல் காற்றுத் தடை எடையில் 1 சதவீதத்தைத் தொடாது.

டைமரில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் கூடுதலாகச் சேர்கிறது. மின்சாரம் நின்ற பிறகும் மின்காந்தத்தின் இரும்பில் காந்தம் சற்று மிஞ்சியிருக்கும். குண்டு உடனே விடுபடாது. குறைந்த உயரத்தில் மொத்த நேரமே கொஞ்சம் என்பதால் பாதிப்பு அங்கே அதிகம். 50 முறை எடுத்தாலும் சராசரியில் இது போகாது.

கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் √உயரம் வைத்து கிராஃப் போடுங்கள். கோட்டை ஆதிப்புள்ளி வழியாக வலிந்து இழுக்காதீர்கள், இங்கேதான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் அளவுகளுக்குச் சாய்வு 2.213; ஜி = 2 × சாய்வு² = 9.79. கோடு நேர அச்சை வெட்டும் இடம் 0.020 வி. அதுதான் அந்தத் தாமதம்.

பதில் 2:
உயரத்தை எங்கிருந்து அளந்தீர்கள்? குண்டின் அடிப்பக்கத்திலிருந்து தட்டு வரை இருக்க வேண்டும். காந்தத்தின் முகத்திலிருந்து அளந்தால் 19 மி.மீ. கூடிவிடும், 0.20 மீட்டரில் அது கிட்டத்தட்ட 10 சதவீதம். அந்தப் பிழை மட்டும் இருந்தால் உயரம்–நேரம்² கிராஃப் நேர்கோடாகவே வரும், ஆனால் உயர அச்சை வெட்டும்.

கேட்டவர்:
அடிப்பக்கத்திலிருந்துதான் அளந்தது. தாமதத்தையே குறைக்க வழி உண்டா?

பதில் 1:
குண்டு விழாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் மின்னோட்டம் வையுங்கள். காந்தத்துக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டு ஒட்டினால் இன்னும் குறையும். குறைந்த பிறகும் √உயரம் கிராஃபையே போடுங்கள். சாய்வில் 1 சதவீதப் பிழை ஜி-யில் 2 சதவீதம் ஆகும், அதையும் குறியுங்கள். ஒப்பிடும்போது 9.81 வேண்டாம், அது லண்டன் பக்கத்து மதிப்பு; சென்னையில் 9.78.