டி2 பஞ்ச்: பிளாஸ்மா நைட்ரைடிங் செய்த பிறகு முனை உதிர்கிறது

டூல்ரூம்_கோவை:
வணக்கம். 1.5 மி.மீ. எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட் வெட்டும் பஞ்ச், டி2 எனும் டூல் ஸ்டீல். ஹார்டனிங் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குதல்) முடித்து 200 டிகிரியில் டெம்பர் (நொறுங்கும் தன்மை குறைய மீண்டும் சூடாக்குதல்) செய்தது, ஹார்ட்னஸ் 60 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவு) இருந்தது. ஷீட் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்துக் கோடு போடுகிறதே என்று, மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கும் பிளாஸ்மா நைட்ரைடிங்குக்குக் கொடுத்தோம், 520 டிகிரியில் 12 மணி நேரம் வைத்ததாகச் சொன்னார்கள். வந்தபோது ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறம், பார்க்கவே திருப்தியாக இருந்தது. பிரஸ்ஸில் ஒரு ஷிஃப்ட் கூடத் தாங்கவில்லை. வெட்டும் முனை பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது, விரலை ஓட்டினால் நகம் மாட்டுகிறது. அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கிரைண்ட் செய்து பார்த்தால் உள்ளே 56தான். டி2-க்கு இது ஆகவே ஆகாதா?

ஃபர்னஸ்காரன்:
ஆகும் தம்பி. 200-ல் டெம்பர் செய்த ஸ்டீலை 520-ல் அவ்வளவு நேரம் வைத்தால் அது இன்னொரு டெம்பரிங்தானே, ஹார்ட்னஸ் இறங்கத்தான் செய்யும். ஹார்டனிங்கில் மாறாமல் மிச்சமிருந்த ஆஸ்டனைட்டும் (ஸ்டீலின் மென்மையான உள்ளமைப்பு) அப்போது மாறும், அதனால் அளவும் நகர்ந்திருக்கும், மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். அடுத்த பஞ்சை 1,050 டிகிரிக்கு மேல் ஹார்டனிங் செய்து, 520-530-ல் இரண்டு மூன்று முறை டெம்பர் செய்யச் சொல்லுங்கள், 58-60 நிற்கும். நைட்ரைடிங் அதற்கு 30 டிகிரியாவது கீழே, 480 பக்கம் இருக்கட்டும்.

டைமேக்கர்77:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் முனை உதிர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூர்மையான மூலையில் நைட்ரஜன் இரண்டு முகத்திலிருந்தும் நுழைகிறது, அந்த இடம் முழுக்க நைட்ரைடாகி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். 12 மணி நேரமெல்லாம் உருகிய உலோகத்தை வார்க்கும் எச்13 ஸ்டீல் டைகாஸ்டிங் டைக்குச் சரி. வெட்டும் பஞ்சுக்கு 0.05 மி.மீ. ஆழமே போதும். நைட்ரஜனைக் குறைத்து ஹைட்ரஜனைக் கூட்டி, ஒயிட் லேயர் (மேலே உருவாகும், எளிதில் நொறுங்கும் நைட்ரைட் படலம்) வராமல் ஓட்டச் சொல்லுங்கள், பிளாஸ்மாவில் அது முடியும், அதற்காகத்தானே கூடுதல் காசு கொடுக்கிறோம். அப்புறம் வெட்டும் முகத்தை மட்டும் லேசாக கிரைண்ட் செய்துவிடுங்கள். மூலையில் நொறுங்குகிற பகுதி போய்விடும், ஷீட் ஒட்டுகிற பக்கச்சுவரில் நைட்ரைட் அப்படியே இருக்கும். பஞ்ச் ஒயர்கட்டா (கம்பியில் மின்பொறி விட்டு வெட்டியதா)?

டூல்ரூம்_கோவை:
ஆமாம் அண்ணா, ஒயர்கட். மேலே பாலிஷ் எதுவும் செய்யவில்லை.

டைமேக்கர்77:
அப்படியென்றால் ஒயர்கட்டில் உருகி உறைந்த தோலின் மேலேயே நைட்ரைடிங் ஆகியிருக்கிறது. அதில் ஏற்கெனவே நுண்விரிசல் இருக்கும். ஸ்கிம் கட் (மெல்லிய மறுவெட்டு) இரண்டு எடுத்து, கல் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி அனுப்புங்கள்.

ஃபர்னஸ்காரன்:
அதே டி2-வில் ஒரு சிறு துண்டையும் பஞ்சோடு சேர்த்தே ஹார்டனிங், டெம்பரிங், நைட்ரைடிங் மூன்றுக்கும் அனுப்புங்கள். பிறகு அந்தத் துண்டைக் குறுக்கே வெட்டி விக்கர்ஸ் ஹார்ட்னஸ் சோதனையில் நைட்ரைட் ஆழம் பாருங்கள். பஞ்சை வெட்டிப் பார்க்க முடியாதல்லவா.

டூல்ரூம்_கோவை:
ரொம்ப நன்றி. இப்போது அளந்தேன், 40 மி.மீ. பக்கம் 0.02 கூடியிருக்கிறது. பழைய பஞ்சை முகம் கிரைண்ட் செய்து அலுமினிய ஷீட் வேலைக்கு ஒதுக்கிவிட்டேன், புதியதற்கு ஸ்டீல் வெட்டக் கொடுத்தாயிற்று.