கலைச்சொல் விவாதம்: முகவர் நிரலின் கண்ணில் படாமல் கடவுச்சொல்லை நிரப்புவது

வணக்கம்.

முகவர் நிரல் (மொழி மாதிரியைக் கொண்டு நமக்காக உலாவியை இயக்கும் ஏஐ ஏஜென்ட்) நமக்காக ஒரு தளத்தில் உள்நுழையும்போது, கடவுச்சொல் பெட்டகமே (பாஸ்வேர்டு மேனேஜர்) கடவுச்சொல் புலத்தை நிரப்பிவிடும் முறைக்கு 'கிரெடென்ஷியல் இன்ஜெக்‌ஷன்' என்று பெயர். இதை 'நற்சான்றிதழ் உட்செலுத்தல்' என்று எழுதினால் இரண்டு பாதியும் பிழை. நற்சான்றிதழ் நன்னடத்தைக்குத் தருவது. உட்செலுத்தலையோ எஸ்க்யூஎல் தாக்குதலுக்கும் (தரவுத்தளத்துக்குள் கட்டளை நுழைப்பது) ப்ராம்ப்ட் தாக்குதலுக்கும் (மொழி மாதிரிக்குள் கட்டளை நுழைப்பது) ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தாக்குதலுக்கும் அதற்கான காப்புக்கும் ஒரே சொல் இருந்தால் கையேடு படிப்பவர் குழம்பிப் போவார்.

நடப்பது இதுதான். உள்நுழைவுப் பக்கம் வந்ததும் நிரல் பெட்டகத்திடம் கேட்கிறது. பெட்டகம் அந்தப் பக்கத்தின் முகவரியைத் தன்னிடம் உள்ள முகவரியோடு ஒப்பிடுகிறது; புலம் உள்சட்டகத்தில் (பக்கத்துக்குள் பதித்த வேறொரு பக்கம், ஐஃப்ரேம்) இருந்தால் அந்தச் சட்டகத்தின் முகவரியையும் பார்க்க வேண்டும். பொருந்தினால் பயனரிடம் ஒப்புதல் வாங்கி, உலாவிக்குள் நேரே எழுதிவிட்டு, நிரலுக்கு 'முடிந்தது' என்று மட்டும் சொல்கிறது. மொழி மாதிரிக்குக் கடவுச்சொல்லின் ஓர் எழுத்துகூடப் போகாது. போனால் உரையாடல் பதிவில் தங்கிவிடும். பிறகு ஏதோ ஒரு பக்கத்தில் ஒளித்து வைத்த கட்டளை கேட்டால், நிரல் அதை எடுத்துக் கொடுத்தும் விடலாம்.

என் பரிந்துரை: மறைநிரப்பல்.

* * *

> என் பரிந்துரை: மறைநிரப்பல்.

நிரப்பல் சரி, 'மறை' வேண்டாம். மறையாக்கம், மறைநீக்கம் என்று அந்த வேர் குறியாக்கத்துக்கு (என்கிரிப்ஷன்) போய்விட்டது. மறைநிரப்பல் என்றால் ஏதோ குறியாக்கம் செய்து நிரப்புவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். புலத்தில் விழுவது வெற்று எழுத்து. திரையில் தெரியும் புள்ளிகள் கண்ணை மட்டுமே தடுக்கும். பக்கத்தின் டாம் மரத்தை (உலாவி நினைவில் வைத்திருக்கும் பக்க அமைப்பு) படிக்கும் நிரலுக்கு அந்தப் புலத்தின் மதிப்பு அப்படியே கிடைக்கும். 'கடவுச்சொல்லைக் காட்டு' என்ற கண் பொத்தானை நிரல் அழுத்திவிட்டால் திரைப்பிடிப்பிலும் வந்துவிடும்.

அதனால் நிரப்புவதையும் 'அனுப்பு' அழுத்துவதையும் பெட்டகமே ஒரே மூச்சில் செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் டாம் வாசிப்பு, ஸ்கிரிப்ட் இயக்கம், திரைப்பிடிப்பு மூன்றையும் நிரலுக்கு நிறுத்திவைக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது தோல்வி வரும் இடத்தில். கடவுச்சொல் தவறு என்று தளம் சொல்லும்போது சில தளங்கள் பக்கத்தை மாற்றாமல், புலத்தையும் காலி செய்யாமல் விட்டுவிடும். பெட்டகம் புலத்தைத் துடைத்த பிறகே பக்கத்தை நிரலிடம் ஒப்படைக்க வேண்டும்.

சொல் இந்த 'பார்க்கவில்லை' என்பதையே சொல்லட்டும்: காணாநிரப்பல். செல்லாக்காசு போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் நகரம் வருவதால் ஒற்று மிகாது. வினைக்குக் காணாநிரப்பு, கருவிக்குக் காணாநிரப்பி என்று குடும்பமும் எளிதாக விரிகிறது.

* * *

> சொல் இந்த 'பார்க்கவில்லை' என்பதையே சொல்லட்டும்: காணாநிரப்பல்.

ஏற்கிறேன். ஆனால் எல்லையைக் கறாராக வரையறுக்காவிட்டால் வேறொன்றுக்கும் இதே பெயரை ஒட்டிவிடுவார்கள்.

ஆளில்லாமல் இரவில் ஓடும் நிரல்களில் அமைவுக் கோப்பில் கடவுச்சொல்லுக்குப் பதில் 'பெட்டகம்/உருப்படி/புலம்' என்ற சுட்டு இருக்கும். சேவைக் கணக்கின் (மனிதருக்கு அல்லாமல் நிரலுக்கென்று உள்ள கணக்கு) டோக்கன் என்ற அணுகல் சாவியைக் கொண்டு, தொடங்கும் நேரத்தில் சுட்டின் இடத்தில் உண்மை மதிப்பு வைக்கப்படும். கோப்பை நிரல்மூலக் களஞ்சியத்தில் ஏற்றினாலும் கடவுச்சொல் கசியாது என்பது பெரிய நன்மை. ஆனாலும் நிரல் மதிப்பைப் பார்க்கிறது! சூழல் மாறியாக (இயங்குதளம் நிரலுக்குத் தரும் பெயர்-மதிப்பு இணை) கொடுத்தால், அந்த நிரல் தொடங்கும் கிளைச் செயல்முறைகளுக்கும் வழக்கமாக அந்த மதிப்பு போய்ச் சேரும். பிழைப்பதிவில் சூழலை அப்படியே கொட்டும் நூலகங்களும் உண்டு. இதைச் 'சுட்டுப்பெயர்ப்பு' என்று தனியாக வைப்போம். இங்கே காப்பு என்பது உரிமையைக் குறுக்குவதுதான்: முகவருக்கென்று தனிப் பெட்டகம், அந்த வேலைக்குத் தேவையான உருப்படிகள் மட்டும், வாசிக்கும் உரிமை மட்டும், காலாவதி உள்ள டோக்கன்.

ஒருமுறைக் குறியீடு (நேரத்தை வைத்து மாறிக்கொண்டே இருக்கும் ஓடிபி) காணாநிரப்பலில் அடங்கும். அதற்கான தரநிலையான ஆர்எஃப்சி 6238-இன்படி இயல்பான கால அளவு 30 வினாடி. பெரும்பாலான தளங்கள் 6 இலக்கம் கேட்கின்றன. கணினியின் கடிகாரம் பிசகினால் குறியீடு தொடர்ந்து மறுக்கப்படும். நிரல் திரும்பத் திரும்ப முயன்றால் கணக்கே பூட்டப்படலாம். எனவே நேர ஒத்திசைவை முதலில் சரிபாருங்கள். 30 வினாடியில் கடைசி 5 வினாடி மட்டுமே மிச்சம் என்றால் அடுத்த குறியீட்டுக்குக் காத்திருக்கச் செய்யுங்கள். குறியீடுகளை உருவாக்கும் மூல ரகசியத்தையும் கடவுச்சொல்லையும் ஒரே பெட்டகத்தில் வைத்தால், பெட்டகம் திறந்தவருக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்பதையும் ஆவணத்தில் எழுதத்தான் வேண்டும்.

கடவுச்சாவி (பாஸ்கீ) அடங்காது. அங்கே நிரப்ப எழுத்தே இல்லை. தளம் அனுப்பும் சவாலுக்குக் கையொப்பம்தான் போகிறது.

அகராதிக்கு இப்படி எழுதலாம்:

காணாநிரப்பல் (பெ.): முகவர் நிரலுக்கு மதிப்பு தெரியாதபடி, முகவரி ஒப்பீட்டுக்கும் பயனர் ஒப்புதலுக்கும் பிறகு, கடவுச்சொல்லையோ ஒருமுறைக் குறியீட்டையோ பெட்டகமே உலாவியில் நிரப்பி அனுப்புதல். உள்நுழைந்தபின் உருவாகும் அமர்வுக் குக்கியை (உள்நுழைந்திருப்பதைத் தளம் அறிய உலாவியில் வைக்கும் சிறு தரவு) இது காக்காது. வேலை முடிந்ததும் வெளியேறி, உலாவிச் சுயவிவரத்தை அழிக்க வேண்டும்.