தம்பி ராத்திரியில் தூங்குவதில்லை, இதை வைத்துப் போதைப் பழக்கம் என்று சந்தேகப்படலாமா?

மூணாம்நம்பர்மலை:
ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். தம்பிக்கு 16 வயது, ஓ.எல். பரீட்சை எழுத இருக்கிறான். அம்மா குவைத்தில், அப்பா வேலை முடிந்து வந்து படுத்தால் எழும்ப மாட்டார், ஆக அவனைப் பார்த்துக்கொள்வது நானும் அப்பாயியும்தான். நாலைந்து மாதமாக ஆளே மாறிவிட்டான். ராத்திரி இரண்டு மணிக்கும் போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிகிறது. பழைய சிநேகிதர்கள் இஸ்தோப்பு வரைக்கும் வந்து கூப்பிட்டாலும் போவதில்லை, டவுனில் புதிதாக யாரோ. ரீலோட் போட வேண்டும் என்று அடிக்கடி காசு கேட்கிறான். ரொட்டிக்குக் கட்டச் சம்பல் இல்லாவிட்டால் சண்டை பிடிப்பவன், இப்போது சம்பலைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுத் தின்கிறான், அவ்வளவு கோபம் என் மேல். பேஸ்புக்கில் ஐஸ் என்கிற போதைப்பொருளைப் பற்றியே பார்த்துப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பையைச் சோதிக்கவா? அப்பாவிடம் சொன்னால் அடிதான் விழும்.

பெட்டா ரிட்டர்ன்:
தங்கச்சி, நான் அதிலிருந்து வந்தவன், அதனால் நேராகச் சொல்கிறேன். ஓ.எல். முடித்துக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன இடத்தில் பழகியது. ஐஸ் என்றால் வெறுமனே லேட்டாகத் தூங்குவது இல்லை, இரண்டு மூன்று ராத்திரி கண்ணே மூடாது, சாப்பாடு இறங்காது, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருப்போம். நான் ஒரு ராத்திரி முழுக்க வீட்டு ரேடியோவைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன், காரணம் கேட்டால் எனக்கே தெரியாது. அப்புறம் ஒன்றரை நாள் பிணம் மாதிரி தூக்கம். யாரோ பின்னால் வருகிறார்கள் என்று சந்தேகம் வேறு. வீட்டில் பல்பு காணாமல் போகிறதா, பாத்ரூமில் கருகின ஈயத்தாள் கிடக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், கஞ்சா அடிப்பவன் சொட்டு மருந்து விட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான்.

இன்னொன்று. அவன் காசு கேட்கிற வரைக்கும் ஓரளவு நிம்மதி. கேட்பதை நிறுத்திவிட்டுக் கையில் காசோடு திரிந்தால்தான் பயப்பட வேண்டும், விற்கிறவன் அவனைச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க வைத்திருப்பான். என் கதை அப்படித்தான் போனது.

நைட் டியூட்டி:
நான் நர்ஸ். வாசனையே இல்லாமல் குடித்தவன் மாதிரி தள்ளாடினால், பேச்சுக் குழறினால் மாத்திரையாக இருக்கலாம். வலிக்குக் கொடுக்கிற பிரிகபலின், ட்ரமடோல் எல்லாம் இப்போது பையன்கள் கையில். அப்படி என்றால் பிடுங்கி எறிந்துவிட்டுக் காம்பராவில் பூட்டி வைக்காதீர்கள், நாள்பட எடுத்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். குடு, அதாவது ஹெரோயின் என்றால் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கி இருக்கும், கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், ஓயாமல் கொட்டாவி, உடம்பு வலி. நம் ஊர்க் குளிரில் இதைத் தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பவர்கள்தான் அதிகம். யாராவது தட்டியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது.

பழைய மாஸ்டர்:
மகள், எல்லோரும் ஐஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது சம்பல். கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளுகிறவன் ரொட்டியையும் சேர்த்துத்தான் தள்ளுவான். சம்பலில் இருக்கிற கொச்சிக்காய் உறைப்புப் பட்டால் மட்டும் வாய் எரிகிறது என்றால் நான் முதலில் நினைப்பது மாவா. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்த சின்னப் பக்கெட், காற்சட்டைப் பைக்குள் அடங்கிவிடும், புகையும் இல்லை, வாசனைக்கு ஒரு டொபி போதும். வகுப்பில் எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். பேசும்போது வாயை முழுசாகத் திறக்க மாட்டார்கள், உள்கன்னம் வெளிறி விறைத்திருக்கும். நடு மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்களுக்குப் போகும். போகாவிட்டால் பல் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும், இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய்தான் முதலிடம்.

21 வயதுக்குக் குறைந்தவனுக்குப் புகையிலை விற்பதே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆனால் டவுனில் யார் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் அப்பாயியின் வெற்றிலைப் பையையும் பாருங்கள், பாக்குப் பழக்கம் பல பிள்ளைகளுக்கு அங்கேதான் ஆரம்பம். (என் அம்மாவின் பையில் நானே திருடியிருக்கிறேன்.)

பையைச் சோதிப்பது உங்கள் இஷ்டம். ஆனால் கையும் களவுமாகப் பிடித்தால் அடுத்த தடவை வேறு இடத்தில் ஒளிப்பான், அவ்வளவுதான். 1927க்கு எடுத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையில் ஆலோசனை சொல்வார்கள், 1926 மனநல உதவி. தமிழிலேயே கேளுங்கள்.

மூணாம்நம்பர்மலை:
மாஸ்டர், நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு விளையாட்டு மாதிரி எல்லோரையும் விரல் வைக்கச் சொன்னேன். எனக்குப் போனது, பல்லில்லாத அப்பாயிக்கு நாலு விரலும் போய்ச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தம்பிக்கு இரண்டு விரல்தான். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு, "அக்கா, இது சரியாகுமா?" என்று இருட்டில் கேட்டான். வியாழக்கிழமை பல் கிளினிக், அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் பல்வலி என்று சொல்லி வைத்திருக்கிறோம்.