போலீஸ் எடுத்துப்போன வண்டியைத் திரும்ப வாங்கிய அனுபவம்

2023 நவம்பரில் நடந்தது. அக்கா மகன் என் ஸ்கூட்டரைத் தன் நண்பனுக்கு இரவல் கொடுத்திருந்தான். அந்தப் பையன் அதில் போய் ஒருவரிடம் செல்போன் பறித்து மாட்டிக்கொண்டான். மகஜர் (பறிமுதல் விவரம்) எழுதி வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் தன்மையாகத்தான் பேசினார். "கேஸ் முடியட்டும் சார், வண்டி எங்கே போயிடப் போகுது?" நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். என் முட்டாள்தனம் அதுதான்.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வீட்டுக் கவலையில் வண்டி நினைப்பே வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தால், வண்டியில் சீட் வரைக்கும் சேற்றுக் கோடு. பக்கத்தில் ஒரு பழைய ஆட்டோ, அதன் பின்சீட்டில் ஆமணக்குச் செடி முளைத்திருந்தது. யாருடையதோ பாவம்.

அப்புறம்தான் வக்கீலைப் பார்த்தேன். "யார் உங்களைக் காத்திருக்கச் சொன்னது?" என்று திட்டினார். பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் வருஷக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தகுந்த பாண்டும் (உறுதிப் பத்திரம்) ஜாமீனும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டதாம். வழக்கு முடியும்வரை இடைக்காலமாக வண்டியைக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். அதற்கான சட்டப் பிரிவு அப்போது சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 451, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 497. ஸ்டேஷனில் எத்தனை நாள் கெஞ்சினாலும் பெரும்பாலும் அவர்களாகக் கொடுக்க மாட்டார்கள், கோர்ட் ஆர்டர் கேட்பார்கள்.

ஜனவரியில் வண்டி கைக்கு வந்தது. விற்கக் கூடாது, பெயிண்ட் மாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை. நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் வேலைக்கு ஒன்பதாயிரம் ஆனது. அக்கா மகன் இப்போதெல்லாம் சாவி கேட்பதில்லை.

*

இது இன்னொருவர் சொன்னது: எங்கள் வீட்டில் வேறு மாதிரி, பிடிபட்டது வண்டி இல்லை, பணம். அப்பாவுக்குக் கோயம்பேட்டில் காய்கறி வியாபாரம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயம், வசூல் பணம் 82,000 ரூபாயோடு விடியற்காலையில் வரும்போது தேர்தல் பறக்கும் படை நிறுத்திப் பணத்தை எடுத்துக்கொண்டது. தேர்தல் சமயத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கை யார் ஒத்துக்கொள்வார்கள்? நல்லவேளை, அப்பா ரசீது வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பில், கணக்கு நோட்டு, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும், பிடித்த பணத்தைத் திருப்பித் தருவது பற்றி முடிவெடுக்கும் மேல்முறையீட்டுக் குழுவிடம் காட்டினோம். எட்டாம் நாள் பணம் முழுசாக வந்தது. ஆனால் அந்த எட்டு நாளும் லாரிக்காரருக்குக் கொடுக்கக் கடன் வாங்கினோமே, அதன் வட்டியை எந்தக் குழுவிடம் கேட்பது?