வீடற்ற அயலாருக்கு உதவ எங்கள் அன்பியம் யாருடன் சேர்ந்து பணியாற்றலாம்?

கேள்வி: அன்பியப் பொறுப்பாளர், வட சென்னை

அனைவருக்கும் வணக்கம். வட சென்னையில் உள்ள கத்தோலிக்கப் பங்கு ஒன்றைச் சேர்ந்தது எங்கள் அன்பியம். ஏறத்தாழ இருபத்தைந்து குடும்பங்கள் மாதந்தோறும் யாரேனும் ஒருவர் வீட்டில் கூடி, இறைவார்த்தையைப் பகிர்ந்து செபிக்கிறோம். எங்கள் தெருமுனையிலிருந்து மார்க்கெட் வரையிலான நடைபாதையில் பலர் இரவில் உறங்குகிறார்கள். மூட்டை தூக்குபவர்கள், மீன்பாடி வண்டி ஓட்டுபவர்கள், பிள்ளைகளால் கைவிடப்பட்ட மூதாட்டிகள், இரண்டு தலைமுறையாக அதே இடத்தில் வாழும் குடும்பங்கள் என அவர்களில் பல வகையினர் உண்டு.

திருத்தந்தை பிரான்சிஸ் உலக வறியோர் நாளை அறிவித்து, 2017 முதல் அது கொண்டாடப்பட்டு வருவதால், நவம்பரில் அந்த ஞாயிறன்று உணவுப் பொட்டலங்கள் வழங்குவது எங்கள் வழக்கம். இதனை ஆண்டு முழுவதும் தொடரும் பணியாக வளர்க்க வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் அனைவரும் விரும்பினர். எங்களிடம் பெரிய நிதி கிடையாது. அருகில் சி.எஸ்.ஐ. ஆலயம் ஒன்றும் பள்ளிவாசல் ஒன்றும் இருக்கின்றன. நாங்களே ஒரு சிறிய இல்லம் தொடங்குவது நல்லதா, அல்லது ஏற்கெனவே பணியாற்றுபவர்களோடு இணைவது நல்லதா? மேலும், மார்க்கெட் வாயிலில் தனக்குத்தானே பேசிக்கொண்டு, யார் அருகில் சென்றாலும் அஞ்சி விலகும் ஒரு பெண் இருக்கிறார். அவருக்கு எப்படி உதவுவது என்பதையும் அறிந்தவர்கள் கூறுமாறு வேண்டுகிறேன்.

பதில் 1: காப்பக மேலாளர்

மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம் ஒன்றைத் தொண்டு நிறுவனத்தின் சார்பில் நடத்தி வருகிறேன். புதிதாக இல்லம் தொடங்கும் எண்ணத்தைக் கைவிடுமாறு உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். வாடகை, இரவுக் காவல், பதிவு, தீயணைப்புத் துறையின் சான்று என்று உங்கள் ஆற்றல் முழுவதும் கட்டடத்துக்கே செலவாகிவிடும். கட்டடம் தருவது அரசின் கடமை. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளின்படி, பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்க வேண்டும். சென்னையில் மாநகராட்சி இடம் அளிக்க, தொண்டு நிறுவனங்கள் அதை நடத்துகின்றன. ஆண்கள், பெண்கள், சிறுவர்கள், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர், அரசு மருத்துவமனை நோயாளிகளுடன் வந்து தங்குவோர் எனத் தனித்தனிக் காப்பகங்கள் உள்ளன. உங்கள் பகுதிக்கு உரியது எது என்பதை மண்டல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

இருப்பினும் காப்பகத்தில் இடம் இருக்கும்போதும் பலர் நடைபாதையை விட்டு வருவதில்லை. அதற்கு அவர்களிடம் தக்க காரணங்கள் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்குச் சரக்கு இறக்கும் தொழிலாளிக்கு மார்க்கெட்டுக்கு அருகில் இருப்பதே பிழைப்பு. சிலருக்குத் தம் உடைமைகளை எங்கே வைப்பது என்ற கவலை. பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் இருப்பதால், வாகனத்தில் வந்து அழைப்பவர் எவராயினும் பிடித்துச் செல்லத்தான் வந்திருக்கிறார் என்று அஞ்சுவோரும் உண்டு. இந்த அச்சத்தை எங்களைப் போன்ற பணியாளர்களால் ஓரிரு சந்திப்புகளில் போக்க முடியாது. அதே தெருவில் வாழ்ந்து, பெயர் சொல்லி அழைத்து, வாரந்தோறும் வந்து நலம் விசாரிக்கும் அண்டை வீட்டாரால் முடியும். ஓர் அன்பியத்தால் தர முடிந்ததும், எங்களிடம் பணம் கொடுத்தும் கிடைக்காததும் அந்தப் பழக்கமே.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு மதியம் பல இடங்களிலிருந்து பிரியாணி வந்து குவிகிறது. வாரநாளில் ஒருவரும் வருவதில்லை. இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் விற்கும் அம்மா உணவகங்கள் 2013 முதல் நகரெங்கும் இருப்பதால், கையில் பத்து ரூபாய் உள்ளவர் ஒரு வேளை பசியாறலாம். பெண்கள் எங்களிடம் வந்து கேட்பது பெரும்பாலும் குளிக்க இடம், மாற்றுத் துணி, மாதவிடாய்க் காலத்தில் ஒதுங்க ஒரு கழிப்பறை ஆகியவற்றைத்தான். ஆலய வளாகத்தின் கழிப்பறையை மாலை வேளைகளில் திறந்துவிடப் பங்குத்தந்தை இசைந்தால், அதற்குப் பொட்டலச் சோற்றைவிடப் பயன் அதிகம்.

அடுத்தது ஆவணங்கள். முகவரி இல்லாதவருக்கு ஆதார் கிடைக்காது என்று பலர் நம்புகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் அளிக்கும் சான்றிதழைக் கொண்டு பதிவு செய்யலாம். ஆதார் கிடைத்தால் வங்கிக் கணக்கும், அதன் வழியே மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் திறக்கும். நடைபாதையில் உறங்குபவருக்கும் வாக்குரிமை உண்டு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கே உறங்குவதை உறுதிசெய்தால், வசிப்பிடச் சான்று வேண்டியதில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. ஒரு மூதாட்டியுடன் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்று, விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, அது நிறைவேறும்வரை உடன் அலைய உங்கள் அன்பியத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தாலே போதும், பெரிய பணி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

பதில் 2: மனநல சமூகப் பணியாளர்

மார்க்கெட் வாயிலில் உள்ள பெண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தயவுசெய்து அவரைக் கூட்டமாகச் சூழ வேண்டாம்; வலுக்கட்டாயமாகக் குளிப்பாட்டவோ முடி வெட்டவோ எவரையும் அனுமதிக்க வேண்டாம். உங்களில் ஒரு பெண், நாள்தோறும் ஒரே நேரத்தில், சற்றுத் தொலைவில் நின்று தேநீரோ உணவோ வைத்துவிட்டு வருவதே முதல் படி. முகம் பழகிய பிறகு பேச்சு வரும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 100ஆம் பிரிவு, இவ்வாறு ஆதரவின்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் பரிசோதனைக்கு ஒப்படைக்கும் கடமையைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு அளிக்கிறது. அவரைக் காவல் நிலைய அறையில் அடைத்துவைக்கக் கூடாது. காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். இந்தப் பிரிவை அறிந்துகொண்டு நிலையத்துக்குச் செல்லுங்கள். அதற்கு முன்பே, 1794இல் தொடங்கப்பட்டு இப்போது கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் அரசு மனநலக் காப்பகத்தையோ, வீடற்ற பெண்களின் மனநலத்துக்காகவே 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட தி பான்யன் போன்ற அமைப்பையோ தொடர்புகொண்டு, பயிற்சி பெற்ற பணியாளரை உடன் அழைப்பது நல்லது.

சிகிச்சைக்குப் பின் திரும்பிச் செல்ல வீடு இல்லாத பெண்கள் மருத்துவமனையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். அவர்களில் நான்கைந்து பேர் சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்துச் சேர்ந்து வாழும் முறையைத் தி பான்யன் நடத்துகிறது. அத்தகைய வீட்டுக்கு வீட்டு உரிமையாளர் கிடைப்பதே கடினம்; கிடைத்தாலும் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்கள். உங்கள் அன்பியத்தில் ஒரு குடும்பம் தன் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்குத் தர முன்வந்து, மற்றவர்கள் அண்டை வீட்டாராக அவர்களை ஏற்றுக்கொண்டால், அதைவிட மேலான சேவையை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

பதில் 3: லண்டன் தமிழ்ச் சபை உறுப்பினர்

இங்கே குளிர்கால இரவுக் காப்பகம் என்றொரு முறை உண்டு. ஒரு வட்டாரத்தின் ஏழு ஆலயங்கள் ஆளுக்கோர் இரவாகப் பொறுப்பேற்று, தம் மண்டபத்தில் படுக்கை விரித்து, இரவு உணவும் காலை உணவும் அளிக்கும். சிறிய சபைக்கும் வாரத்தில் ஓர் இரவை ஏற்க முடிந்தது. 2020இல் கொரோனா பரவியபோது பொது மண்டபத்தில் பலரை உறங்கவைக்க இயலாமற்போகவே, பல இடங்களில் தனி அறைகள் தரும் முறைக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஒவ்வொரு மாலையும் பையைத் தூக்கிக்கொண்டு வேறோர் ஆலயத்தைத் தேடிச் செல்வது வந்தவர்களுக்குப் பெரும் அலைச்சலாக இருந்தது.

சென்னையின் தட்பவெப்பத்துக்கு இரவுக் காப்பகம் பொருந்துமா என்பதை அங்குள்ளோர் சொல்லட்டும். ஆனால் நாள்களைப் பங்கிட்டுக்கொள்வது பொருந்தும். உங்கள் அன்பியம் ஒரு நாள், சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பெண்கள் ஐக்கிய சங்கம் ஒரு நாள், பள்ளிவாசல் ஜமாஅத் ஒரு நாள் என்று வாரநாள்களைப் பிரித்துக்கொண்டால், மேலே சொல்லப்பட்ட ஞாயிற்றுக்கிழமை நெருக்கடி தீரும்.

பதில் 4: வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர்

ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே சென்று சந்தித்து உதவும் எங்கள் சபை 1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் முதலிய மாணவர்களால் தொடங்கப்பட்டபோது, ஏழைகளின் வீடுகள் அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றிய ரோசலி ரெந்து என்ற அருள்சகோதரிதான் அவர்களை வழிநடத்தினார். ஆகவே அறிந்தவரிடம் கேட்டுத் தொடங்குவது நம் மரபிலேயே உள்ளது. இருவர் இருவராகச் சென்று சந்திக்கும் எங்கள் வழக்கத்தை நீங்களும் கடைப்பிடிக்கலாம். பாதுகாப்புக்கும் நல்லது, நேர்மைக்கும் நல்லது.

இரண்டு செய்திகளைப் பணிவுடன் வலியுறுத்துகிறேன். உணவு பெறுபவரின் முகத்தைப் படமெடுத்துப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். செபத்தை உதவிக்கு நிபந்தனையாக்கவும் வேண்டாம். அவரே செபிக்கச் சொல்லிக் கேட்டால் மகிழ்ச்சியோடு செபியுங்கள். பள்ளிவாசலோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து செய்யும் பணியில் இந்த ஒழுங்கு இல்லாவிட்டால், நம்பிக்கை ஒரே நாளில் உடைந்துவிடும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இல்லம் தொடங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, காப்பகத்தோடு இணைவது பற்றி வரும் கூட்டத்தில் முன்வைக்கிறேன். ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. கணவன், மனைவி, பிள்ளைகளோடு நடைபாதையில் வாழும் குடும்பங்களுக்கு என்ன வழி?

பதில் 1: காப்பக மேலாளர்

அது கடினமான பகுதிதான். காப்பகங்கள் பெரும்பாலும் ஆண், பெண் எனப் பிரிந்திருப்பதால், குடும்பங்கள் பிரிந்து வர மறுக்கின்றன; அவர்களை நான் குறை கூற மாட்டேன். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பே அவர்களுக்குத் தேவை. ஆனால் பெரும்பாக்கம் போன்ற தொலைதூர இடங்களில் வீடு கிடைத்தால் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். கணக்கெடுப்பு நடக்கும்போது தம் பெயர் விடுபட்டதையே அறியாத குடும்பங்கள் பல. எனவே, அவர்களின் இசைவோடு குடும்பத்தினரின் பெயர், எத்தனை ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள், பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஆகியவற்றை இப்போதே எழுதிவைத்து, பகுதி மாமன்ற உறுப்பினரிடமும் வாரியத்திடமும் மனுவாக அளியுங்கள். மனுவை அந்தக் குடும்பத்தினரே கொடுக்கட்டும். நீங்கள் உடன் செல்லுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம்.