முதிரை நெக்குக்குள் ட்ரஸ் றொட் எதற்கு?

ஒட்டுசுட்டான் தச்சன்:
முதிரை மரத்தில் கிற்றார் நெக், அதுதான் கழுத்து, ஒன்று செய்தேன். வீட்டில் நெக் செய்கிறவர் ட்ரஸ் றொட், அதுதான் வளைவைத் திருத்த உள்ளே வைக்கிற திருகு உருக்குக் கம்பி, வைக்காவிட்டால் அது விறகுதான் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். விறகாம்! தம்பி, முதிரையில் ஒருதரமாவது சீவுளி பிடித்திருக்கிறீரா? வன்னியில் எத்தனை முதிரைக் கதவுநிலை மழையும் வெயிலும் தின்று அப்படியே நிற்கிறது. முதிரை வளையாது.

வவுனியாக் கம்பி:
எழுதியது நான்தான். கதவுநிலையை ஆறு கம்பி இழுப்பதில்லை ஐயா. 648 மில்லிமீற்றர் ஸ்கேலில், அதாவது கம்பி அதிர்கிற நீளத்தில், பன்னிரண்டாம் நம்பர் உருக்குக் கம்பி செற் பூட்டினால் இழுவை 70 கிலோவுக்குக் கிட்ட, இரவு பகலாக. பிரெட் என்பது நெக்கில் குறுக்கே பதிக்கிற உலோகக் கட்டை; ஏழாம் எட்டாம் பிரெட்டடியில் கால் மில்லிமீற்றர் பள்ளம் வேண்டும். மாரியில் அது ஒரு மாதிரி, ஆவணியில் வேறு மாதிரி. அதைக் கூட்டிக் குறைக்கத்தான் றொட்.

ஒட்டுசுட்டான் தச்சன்:
பள்ளத்தைச் சீவும்போதே எடுக்கலாம். முதிரை வளையாது.

கிளிநொச்சிப் பொடியன்:
அமெரிக்காவின் மார்ட்டின் கிற்றார் கொம்பனியே 1985 வரை திருகுகிற றொட் வைக்கவில்லையே. அண்ணை சொல்வது சரிதானே?

வவுனியாக் கம்பி:
பாதியைச் சொல்லிவிட்டு ஓடாதீர். திருகுகிறதுதான் இல்லை, உள்ளே உருக்குச் சட்டம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் உருக்குத் தட்டுப்பாடு வந்தபோது கருங்காலி பதித்தார்கள்.

ஒட்டுசுட்டான் தச்சன்:
கருங்காலி! மரம்தானே? நீரே சொல்லிவிட்டீர். ஸ்பானியக் கிற்றார்க்காரர் காலங்காலமாக றொட் இல்லாமல்தான் செய்தார்கள். நன்றாகக் காய்ந்த பலகை, நேர் நார், தலைப்பக்கம் சரித்து வெட்டி ஒட்டு. இவ்வளவும் இருந்தால் இரும்பு எதற்கு? இரண்டு வீடியோ பார்த்துவிட்டுத் தச்சனுக்கு மரம் படிப்பிக்க வருகிறார்கள். முதிரை வளையாது, வளையாது.

வவுனியாக் கம்பி:
அது நைலோன் கம்பி ஐயா! இழுவை பாதிதான்!

முள்ளியவளை அக்கா:
அதை விடுங்கள். முதிரைப் பலகை எங்கே எடுத்தீர்கள், பெர்மிட் இருக்கா?

ஒட்டுசுட்டான் தச்சன்:
தங்கச்சி, அது எங்கள் பழைய வீட்டு நிலை. காட்டில் தறித்ததில்லை. பெர்மிட் கேட்கிற நேரத்தில் உங்கள் அண்ணரிடம் பலகை இறுக்குகிற என் ஜீ கிளாம்ப்பைக் கேளுங்கள். வாங்கிப் போனவர் போனவர்தான்.

முள்ளியவளை அக்கா:
துருப்பிடித்த கிளாம்ப்புக்கு இவ்வளவு கதையா? நீங்கள் அரை விலைக்குப் பார்த்துத் தருகிறேன் என்ற எங்கள் அலுமாரிக் கதவு இன்னும் பூட்டுப்படவில்லை.

கிளிநொச்சிப் பொடியன்:
அண்ணை, பிரெட் இடைவெளிக்கு ஒவ்வொரு முறையும் மிஞ்சிய கம்பி நீளத்தை 18ஆல் வகுக்கிறதா, 17.817ஆலா?

ஒட்டுசுட்டான் தச்சன்:
18 போதும். பழைய ஆட்கள் எல்லாம் அதுதான்.

வவுனியாக் கம்பி:
ஐயோ! பன்னிரண்டாம் பிரெட் கம்பியின் நடுவை விட்டு 2 மில்லிமீற்றருக்கு மேல் விலகும். சுருதி எங்கே நிற்கும்? பொடியனையும் கெடுக்காதீர்கள். அந்த நெக்குக்குக் கம்பி பூட்டி, நேர்மட்டம் வைத்துப் படம் போடுங்கள் பார்ப்போம்.

ஒட்டுசுட்டான் தச்சன்:
படம் எதற்கு? வந்து வாசித்துப் பாரும். வரும்போது கிளாம்ப்பையும் வாங்கி வாரும்.